பேரனுக்கு வீற்றோ என்று பேராம்

சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
மாசி 1995

பெருமதிப்புக்குரிய இரத்தினவேல் அத்தானுக்கு,

தியாகலிங்கம் எழுதுவது. வெள்ளவத்தையில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் என் மனிசி யோகமலருக்குப் பிரஷர், எனக்கு மீசையில் பாதி இல்லை. இரண்டுக்கும் காரணம் மகள் மயூரியின் புருஷன் வினோதன்.

பேரன் பிறந்ததும் நீங்கள் சாத்திரியாரைக் கேட்டு, உத்தரட்டாதிக்கு 'து'வில் தொடங்கும் பேர்தான் பொருத்தம் என்று ரெலிபோனில் சொன்னீர்கள் அல்லவா? நாங்களும் துவாரகன், துஷ்யந்தன் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது மருமகன் தொட்டிலைப் பார்த்தபடி, "மாமா, பேர் வைச்சாச்சு. வீற்றோ," என்றார். ஏதோ பேக்கரிப் பாண் வகையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "அது இத்தாலியன் பேர் மாமா." "எங்களுக்கும் இத்தாலிக்கும் என்ன தொடுசல்?" என்றேன். "பிறகு சொல்லுறன்," என்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மயூரியைக் கேட்டால், "அவருக்கு விருப்பம் அப்பா," என்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். மில்லிக்கனில் இருக்கும் யோகமலரின் தம்பி அன்புராசா, பிள்ளைக்கு என்ன பேர் என்று ரெலிபோனில் கேட்க, இவள் அழுதுகொண்டு "வீற்றோ" என்றிருக்கிறாள். "வீடோ? எங்கையக்கா வீடு?" என்றாராம். அவள் இன்னும் பலமாக அழ, அது ஆனந்தக் கண்ணீர் என்று முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை குத்துவிளக்கும் குடும்பமுமாக வந்து இறங்கிவிட்டார். அன்றைக்கென்று எங்கள் கட்டடத்தில் லிஃப்ற் வேலை செய்யவில்லை. விளக்கைத் தோளில் வைத்துப் படியேறி வந்து, மூச்சு வாங்கியபடி, "புது வீட்டிலை எப்ப பால் காய்ச்சுறியள்?" என்று கேட்ட மனுசனுக்கு, அது வீடில்லை, பிள்ளை என்று விளங்கப்படுத்தினேன். வந்த கோபத்தில் விளக்கைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்.

அர்த்தமாவது தெரிந்தால் சனத்துக்குப் பதில் சொல்லலாமே என்று பக்கத்து அப்பாட்மென்ற் றீற்றாவைக் கேட்டேன். மன்னார் வேதக்காரப் பிள்ளை. "அது ஒரு புனிதற்றை பேர் அங்கிள். நாய்க்கடி, இடி மின்னல், அளவுக்கு மிஞ்சின நித்திரை, இதுகளிலையிருந்து காப்பாத்திறவர்," என்றாள். "இது பேரோ, இன்சூரன்சோ?" என்றேன். எங்கள் வீட்டில் ஒருத்தரும் கண்மூடிப் பல நாள். நித்திரையை விரட்டுகிறவரின் பேரையா இந்தப் பிள்ளைக்கு வைப்பது?

பிறகு தெருமுனையிலுள்ள இத்தாலியரின் சலூனுக்குப் போய், மீசையை ஒதுக்கச் சொல்லி உட்கார்ந்து, மெல்ல விசாரித்தேன். லத்தீனில் 'வீற்றா' என்றால் உயிர், அதிலிருந்து வந்த பேர் என்றார் சலூன்காரர். காத்திருந்த இன்னொரு கிழவர், இல்லை, அது ஜேர்மன் பக்கத்துப் பேர், காடு என்று அர்த்தம் என்றார். உயிரா காடா என்று இருவரும் கை வீசிச் சண்டை பிடிக்க, கத்தி இருந்த கையும் சேர்ந்து வீச, என் மீசையின் வலப்பக்கம் போய்விட்டது.

அந்தக் கோலத்தில் வீட்டுக்கு வந்தால் மருமகனுக்குச் சிரிப்பு. "சிரிக்கிறீரோ தம்பி? இண்டைக்கு நீர் காரணம் சொல்லத்தான் வேணும்," என்று கத்தினேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"போன ஒக்ரோபர் மாமா. தண்ணிக்குழாய் போட வெட்டின கிடங்குக்குள்ளை நிண்டனான். மண் சரிஞ்சு கழுத்துமட்டும் மூடிப்போட்டுது. மெஷினாலை தோண்டினா என்னை வெட்டிப்போடும் எண்டு, எங்கடை போர்மன் உள்ளை குதிச்சுக் கையாலை தோண்டினவர். மற்றப் பக்கமும் சரியப் போகுது, வெளியிலை வா எண்டு எல்லாரும் கத்தினவை. அந்தாள் போகேல்லை. அவற்றை பேர்தான் வீற்றோ."

மயூரிக்கே இது தெரியாது. "தடிமன் காய்ச்சல் எண்டு படுத்துக் கிடந்தீங்களே, அதோ?" என்றாள். "ஓம். நீர் பிள்ளைத்தாச்சியா இருந்தீர், எப்பிடிச் சொல்லுறது?" அவள் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, அவர் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து அழுதாள். இதை முதலே சொல்லியிருந்தால் மீசையாவது மிஞ்சியிருக்கும்.

போன சனிக்கிழமை அந்தப் போர்மன் கேக் பெட்டியோடு வந்தார். நரைத்த, கட்டையான ஆள். பேரைச் சொன்னோம். சந்தோசப்படுவார் என்று பார்த்தால் அவரும் சத்தம் போடுகிறார்! அது கிழவர்களின் பேராம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்களாம். பிறகு தணிந்து, தங்கள் ஆட்களில் மகனின் மூத்த பிள்ளைக்கு அப்பப்பாவின் பேர் வைப்பதுதான் வழக்கம் என்றார். அவருடைய பேரனுக்குக் கெவின் என்று வைத்திருக்கிறார்களாம். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தரச்சொல்லிக் கையை நீட்டினார். அந்தக் கையில் இரண்டு விரலுக்கு நகம் இன்னும் சரியாக வளரவில்லை. யோகமலர் அதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

ஆகவே அத்தான், இனி இதில் பேச்சில்லை. வீற்றோவேதான் கூப்பிடும் பேர். சாத்திரியாரை நீங்களே சமாளியுங்கள்.

உங்கள் இருவருக்கும் எங்கள் வணக்கம். பேரனுக்கு உங்கள் ஆசீர்வாதம் வேண்டும். எனக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத
தியாகலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. மருமகன் எங்கள் வழக்கப்படி தகப்பன் பேரை முன்னுக்கும் பிள்ளையின் பேரைப் பின்னுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இங்கே பின்னுக்கு வருவதுதான் குடும்பப் பேர். அதனால் கனடாவைப் பொறுத்தவரை பிள்ளையைக் கூப்பிடும் பேர் வினோதன். வீற்றோ குடும்பப் பேராகிவிட்டது. இவனுக்கு மட்டுமில்லை, இவனுடைய பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதுதான். வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டால் மாற்றி எடுத்துவிடலாம் என்கிறார் மருமகன். மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்.