நாலு மணிக்கு அடித்த ஜெப மணி

அன்புள்ள தங்கை லோசாவுக்கு அக்கா அகனேசே எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே என் முழங்கால் தவிர எல்லாம் நலம். அங்கே சவாயீ தீவில் நீயும் உன் பன்றிகளும் நலமென்று நம்புகிறேன். உன் போன கடிதத்தில் மூன்று எழுத்துப் பிழைகள். சிவப்பு மையில் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை முதல் கப்பலில் வந்து உன் மகள் பெனதேத்தாவை அழைத்துக்கொண்டு போய்விடு.

ஆசிரியப் பயிற்சிக்கு என்று சொல்லித்தானே என் வீட்டில் விட்டாய்? இரண்டு வாரமாக அவள் கையில் ஒரு சாக்பீஸைக்கூட நான் பார்க்கவில்லை, எந்நேரமும் மடிக்கணினிதான், கேட்டால் "வகுப்புக்கு எந்த ஆப் சரிவரும்னு ஒவ்வொண்ணா பாக்கறேன் பெரியம்மா" என்கிறாள். நானும் பார்த்தேன், கதவிடுக்கு வழியாக. திரையில் ஒரு வண்ணச் சக்கரம் சுற்றுகிறது, அதில் பதினாறு பெயர், அத்தனையும் ஆண் பெயர். சக்கரம் தவீத்தா என்ற பெயரில் நின்றது, இவள் சிரித்தாள்.

"யாருடி அந்தத் தவீத்தா?"

"நாலாம் வகுப்புப் பையன். யாரைக் கேள்வி கேக்கறதுன்னு சக்கரமே சொல்லிடும்."

"பொண்ணுங்க யாரும் அந்த வகுப்புல படிக்கலையா?"

"அவங்க பேரை இன்னும் ஏத்தலை பெரியம்மா."

நம்பும்படியாகவா இருக்கிறது? அதற்கப்புறம், கேட்டதற்கெல்லாம் பதில் எழுதும் ஒரு இயந்திரத்தைக் காட்டினாள். அரைப்புள்ளியை எங்கே வைக்க வேண்டும் என்று அதைக் கேட்டேன். "அருமையான கேள்வி" என்று ஆரம்பித்தது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கன்னியர் பள்ளியில் ஒன்பது வருஷம் படித்தேன், என் எந்தக் கேள்வியையும் ஒரு சிஸ்டரும் அருமை என்றதில்லை. முகஸ்துதி செய்கிறவனிடம் ஏதோ காரியம் இருக்கும் என்று காலம்சென்ற உன் அத்தான் சொல்வார், அவர் என்னை ஒருநாளும் புகழ்ந்ததில்லை.

நேற்று நடந்ததைக் கேள். பிள்ளைகள் கூச்சல் போட்டால் அடக்குவதற்கென்று, தினமும் மாலை ஆறு மணிக்கு அடிக்கும் நம் ஊர் ஜெப மணியை, அதுதான் நம் பீயோ இரும்புக் கம்பியால் பழைய கேஸ் சிலிண்டரைத் தட்டுவானே, அந்தச் சத்தத்தை இவள் பதிவு செய்து வைத்திருக்கிறாள். ஒலிபெருக்கியை என் ஜன்னலில் வைத்திருக்கிறாள். மாலை நாலு மணிக்கு அது அடித்தது பார், சர்ச் வரைக்கும் கேட்டிருக்கும். முதல் மணிக்குத் தெருவில் இருந்தவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள், இரண்டாம் மணிக்கு ஊரே முழங்காலிட்டது. எனக்கும் ஆறு மணியாகிவிட்டது போலவேதான் தோன்றியது. ஜெபமாலை முழுக்கச் சொல்லி முடித்தேன். எழுந்திருக்கச் சொல்லும் மூன்றாம் மணி வரவே இல்லை. யார் முதலில் எழுவது? ஊர்த்தலைவர் லேயோத்தா பாதி சவரத்தில், ஒரு கன்னத்தில் சோப்போடு, நாற்பது நிமிஷம் முழங்காலில் இருந்தார். பேருந்து நடுத்தெருவில் நின்றது. என் அடுப்பில், சேம்பு இலையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டி வேகவைத்த பலுசாமி கரியாகிவிட்டது. கடைசியில் தோட்டத்திலிருந்து வந்த பீயோதான் "ஏன் எல்லாரும் இப்படி முழங்கால் போட்டிருக்கீங்க, யார் போயிட்டாங்க?" என்று கேட்டான்.

பெனதேத்தா ஈரத் தலையோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், நேரே தலைவர் வீட்டுக்குப் போய் "என் தப்புதாங்க" என்றாள். தானே ஒப்புக்கொண்ட பிறகு என்ன சாட்சி வேண்டும்? செவ்வாய்க்கிழமை கல்லூரிப் பரிசோதகர் முன்னால் நம் ஊர்ப் பள்ளியில் அவள் பாடம் நடத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருஷம் சான்றிதழ் இல்லை. ஊர்ச்சபை அவளைப் பள்ளிக்குள் விடுவதா என்று நாளைக் காலை முடிவு செய்கிறது. விடமாட்டார்கள். நானும் தடுக்கப் போவதில்லை. அந்தக் கணினியோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. நேற்று ஒரே ஒரு தரம் தூசி தட்டினேன், அவ்வளவுதான்.

மைத்துனருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும், சினையாக இருக்கிறதே அந்தப் பன்றிக்கும் மாதா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா அகனேசே

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எப்போது எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அந்தக் கணினி குறித்து வைத்துக்கொள்கிறது என்பது எனக்குத் தெரியாது. திரையிலேயே இருக்கிறது: நாலு மணி ஏழு நிமிஷம், ஜெப மணி, இரண்டு தரம். அந்த நேரத்தில் பெனதேத்தா ஊர்க் குளத்தில் லேயோத்தாவின் மனைவியோடு குளித்துக்கொண்டிருந்தாளாம். வீட்டில் இருந்தது நானும் தூசித் துணியும்தான். உண்மையைச் சொன்னால், தவீத்தாவைத் தேடித்தான் திறந்தேன். "ஏண்டி அப்பவே சொல்லலை?" என்றேன். "நீங்க ஜெபத்துல இருந்தீங்க பெரியம்மா" என்கிறாள்.

சனிக்கிழமை வராதே. நாளை ஊர்ச்சபைக்கு நானே போகிறேன். நான் சொல்ல வேண்டிய வாசகத்தை அந்த இயந்திரத்தையே எழுதச் சொன்னேன். "அருமையான முடிவு" என்று ஆரம்பித்தது. இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தினேன். மற்றபடி, இந்த ஒரு தரம் அது சொன்னது சரிதான்.