நாலு விரற்கடை மணல்

"மணல் ஆவியாப் போகுமா? நீயே சொல்லு, மணல் ஆவியாப் போகுமா?"

"நான் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க. சாவிப் பலகைக்குக் கீழ இருந்த ஜாடி எங்க?"

"திங்கக்கிழமை காலையில வாளி நிறைய இருந்துச்சு. இன்னிக்கு வியாழன். அளந்து பாக்கறேன், நாலு விரக்கடை குறையுது. மூணு நாள்ல நாலு விரக்கடைன்னா..."

"ஜாடி எங்கன்னு கேட்டேன்."

"அது சமையக்கட்டுல இருக்கு. கழுவிக் கவுத்துட்டேன்."

"கழுவியா? அதுல இருந்த மணல்?"

"அதைத்தானே அப்போலேருந்து சொல்லிட்டிருக்கேன். வாளியில குறைஞ்சுது, ரொப்பிட்டேன்."

விடுதிக்காரம்மா பக்கத்தில் இருந்த நாற்காலியைக் கையால் துழாவி உட்கார்ந்தாள். அவள் புருஷனைத் தெருவே 'ஃபயர்' என்றுதான் கூப்பிடும். தீயணைப்பு நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடுப்பைக் கழற்றி ஆறு வருஷம் ஆகியும் உள்ளே இருந்த ஆபீசரைக் கழற்றவில்லை. வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும், படிக்கட்டுக்குக் கீழே தீயணைக்க மணல் நிரப்பி வைத்திருக்கும் மூன்று சிவப்பு வாளிகளையும் ஸ்கேல் வைத்து அளந்து, நோட்டில் எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, மேலதிகாரி இடத்திலும் தானே கையெழுத்துப் போடுவார்.

"வீட்டுல ஒரு ஜாடி நிறைய மணல் இருந்தா அது எதுக்கு இருக்கும்? வாளிக்குத்தான் இருக்கும்" என்றார் ஃபயர். "நீ சொல்லியிருக்கணும்."

"ஊதா ரிப்பன் கட்டி வெச்சிருந்தேனே, அது சொல்லலையா?"

"ரிப்பனை அவுத்து மடிச்சு பத்திரமா வெச்சிருக்கேன்."

விஷயம் இதுதான். மறுநாள் காலை அந்தக் கடற்கரையில் பன்னிரண்டு நாடுகளின் அலைச்சறுக்கு அணிப் போட்டி. அணிக்கு ஐந்து பேர். ஒருவர் இரண்டு அலை சறுக்கிவிட்டுக் கரைக்கு ஓடிவந்து அடுத்தவர் கையைத் தட்ட வேண்டும், அப்புறம்தான் அவர் கடலில் இறங்கலாம். பதினோரு அணிகள் பெரிய ஓட்டல்களுக்குப் போய்விட்டன. பன்னிரண்டாவது அணி இவள் விடுதிக்கு வந்தது. மூன்று நாளாக நடையில் சறுக்குப் பலகைகள் சாத்தியிருக்கின்றன. படிக்கட்டுக் கைப்பிடியில் ஈர ரப்பர் உடுப்புகள் தோலுரித்த மனிதர்களைப் போலத் தொங்கிச் சொட்டுகின்றன. எதிர்சாரியில் லிப்ட் வைத்த விடுதி நடத்தும் நாத்தனாருக்கு ஒரு அணியும் அமையவில்லை. "அங்க வசதி போதலைன்னா நம்ம வீடு இருக்கு" என்று அவள் மாடியிலிருந்தே அந்தப் பிள்ளைகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

போட்டிக்கு முந்தின சாயங்காலம் ஒரு சம்பிரதாயம் உண்டு. ஒவ்வொரு அணியும் தன் நாட்டுக் கரையிலிருந்து மணல் கொண்டுவந்து மேடையில் ஒரே கண்ணாடிப் பெட்டியில் கொட்ட வேண்டும். பன்னிரண்டு மணலும் கலந்தால்தான் போட்டி தொடங்கும். செவ்வாய்க்கிழமை காலை அணியின் மேனேஜர் அந்த ஜாடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்தார். அவர் தன் பாஷையில் இரண்டே வார்த்தை முனகினார். அணிக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த வேன் டிரைவர் எடுத்துச் சொன்னான்.

"அக்கா, இது அவங்க நாட்டுக் கரை மணலாம். பாட்டன் பூட்டன் கால் பட்ட மணலாம். அறையில வெச்சா பசங்க உடைச்சிடுவாங்களாம். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நீங்கதான் உசுரு மாதிரி பாத்துக்கணுமாம்."

"ரெண்டு வார்த்தையில இவ்வளவும் சொன்னாரா?"

"அவங்க பாஷை அப்படிக்கா. ரொம்பச் சிக்கனம்."

அணித் தலைவி, இருபது வயது கூட இருக்காது, தன் தலையில் கட்டியிருந்த ஊதா ரிப்பனை அவிழ்த்து ஜாடியின் கழுத்தில் கட்டினாள். அப்புறம் ஐந்து பேரும் ஆளுக்கொரு சிட்டிகை எடுத்து உதட்டில் ஒற்றிக்கொண்டார்கள். டிரைவரும் மரியாதைக்கு ஒரு சிட்டிகை ஒற்றிக்கொண்டான். மேனேஜர் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதி வாசலில் பலகை தொங்குகிறது: 'உங்கள் பொருள், எங்கள் பொறுப்பு.' பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு சீப்பு தொலைந்ததில்லை.

"போய் வாளியிலேருந்து திரும்ப அள்ளிட்டு வாங்க" என்றாள்.

"அள்ளலாம். ஆனா கலந்து போச்சே."

"ஏன் கலந்துச்சு? மேலதானே கொட்டுனீங்க?"

"கிளறி விட்டேன். வாரா வாரம் கிளறுவேன். பூனை வெளிக்குப் போகுதில்ல."

"எங்க போகுது?"

"வாளியிலதான். மூணுலயும் மாத்தி மாத்திப் போகும். ஒழுங்கான பூனை."

அவள் குரல் தணிந்தது. அது ஃபயருக்கு நல்ல சகுனம் அல்ல. "பூனை போன மணலை, பன்னெண்டு நாட்டுக் கொடிக்கு முன்னாடி, அந்தப் பொண்ணு கையால கொட்ட வைக்கலாங்கறீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். விடுதிக்காரம்மா ஜாடியோடு போய்க் கொத்தனாரைக் கேட்டாள்.

"மணல்தானேம்மா? லாரி கேட்டா யோசிப்பேன். ஜாடிக்கு என்ன" என்று அவர் பக்கத்தில் இருந்த குவியலிலிருந்தே அள்ளிப் போட்டார்.

கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தால் நிறம் வெளிறியிருந்தது. பழைய மணல் பழுப்பு. இது சாம்பல்.

"தண்ணி தெளி. ஈரமானா எல்லா மணலும் கறுக்கும்" என்றார் ஃபயர். அவள் கல்யாணமாகி முதல்முறையாக அவர் யோசனையைக் கேட்டாள். தெளித்து, குலுக்கி, மூடி, ரிப்பனைக் கட்டி வெயிலில் வைத்தாள். நிறம் அச்சு அசலாக வந்தது. நிம்மதியாகப் போய் அறைகளைக் கூட்டிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வந்து ஜாடியைச் சாய்த்தாள். மணல் சாயவில்லை. தட்டிப் பார்த்தாள். 'டொக்' என்றது.

சுவருக்கு மேலே கொத்தனார் தலை தெரிந்தது. "அம்மா, நான் குடுத்தது சிமிட்டி கலந்த குவியல். தண்ணி மட்டும் பட்டுடாம பாத்துக்குங்க."

"இங்க குடு" என்றார் ஃபயர். "பூட்டின கதவையே ஒரே தட்டுல தொறந்தவன் நான்."

ஒரே தட்டுத்தான் தட்டினார். ஜாடி உதிர்ந்து விழுந்தது. மணல் மட்டும் ஜாடியின் உருவத்தில், கழுத்து முதற்கொண்டு, கம்பீரமாக நின்றது.

"நீங்க பேசாம உக்காருங்க" என்றாள் அவள். "மூச்சு மட்டும் விடுங்க. அதுவும் மெதுவா."

ஜாடிக்காவது கடவுள் வழிவிட்டார். சமையலறைப் பரணில் அவளிடமே அதே உயரம், அதே அகல வாய், அதே திருகு மூடியில் ஜாடிகள் இருந்தன. உலகம் பூராவும் ஒரே கம்பெனிதான் ஜாடி செய்கிறது போலும் என்று வியந்துகொண்டாள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தன. நாத்தனார் வாங்கிப்போய்த் திருப்பித் தராத சாமான்களின் பட்டியலில் ஆறாவதையும் சேர்த்துவிட்டு, ஒன்றை இறக்கித் துடைத்தாள்.

இனி மணல். போட்டிக் கடற்கரையில் அள்ளலாமென்றால் அந்தக் கரை மணல் கறுப்பு. பார்த்தவுடன் தெரிந்துவிடும். சுற்று வட்டாரத்தில் சுத்தமான மணல் இருந்தது ஒரே இடத்தில்தான். நாத்தனார் விடுதி வாசலில் பூந்தொட்டிகளுக்கு மேலே அழகுக்குப் பரப்பியிருந்த மணல்.

"நீங்க போங்க. உங்க தங்கச்சி" என்றாள்.

"மூச்சு மட்டும் விடச் சொன்னியே."

"போங்கன்னேன்."

ஃபயர் தெருவைக் கடந்தார். நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாங்கண்ணே. கையில என்ன ஜாடி?"

"கொஞ்சம் மணல் வேணும்."

"மணலா? எதுக்கு?"

"வாளிக்கு."

"வாளிக்குப் போடற மணலுக்குத் துடைச்ச ஜாடி எதுக்குண்ணே?"

எரிகிற கட்டடத்துக்குள் பலமுறை நுழைந்தவர்தான், ஆனால் தங்கையின் கேள்விக்குள் நுழைந்து ஒருமுறையும் முழுசாக வெளியே வந்ததில்லை. "உங்க அண்ணியைக் கேளு" என்று சொல்லி, அள்ளிக்கொண்டு, ஏறக்குறைய ஓடி வந்தார்.

"எதாவது உளறினீங்களா?"

"ஒரு வார்த்தை சொல்லல. ஆனா அவ சாயங்காலம் விழாவுக்கு வராளாம். முன் வரிசையிலயாம்."

அந்த மணல் சர்க்கரையைப் போல வெள்ளை வெளேர் என்றிருந்தது. விடுதிக்காரம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். கெட்டியாக டீத்தூள் போட்டு டிகாஷன் இறக்கி, மணலில் ஊற்றிப் பிசறி, வாணலியில் வறுத்தாள். முதல் வறுவலில் மஞ்சள், இரண்டாவதில் பழுப்பு. மூன்றாவதற்கு நேரமில்லை. மாடியிலிருந்து பலகைகள் இடிபடும் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. சூட்டோடு ஜாடியில் கொட்டி, மூடி, ரிப்பனைக் கட்டி நிமிர்ந்தபோது அணித் தலைவி எதிரே நின்றாள். ஜாடியை வாங்கினாள். சூடு பட்டு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். டிரைவரிடம் ஏதோ கேட்டாள்.

"ஏன் கொதிக்குதுன்னு கேக்குதுக்கா."

"வெயில்ல வெச்சிருந்தேன்னு சொல்லு. ஊரு ஞாபகம் வரட்டுமேன்னு வெச்சேன்னு சொல்லு."

டிரைவர் சொன்னான். அந்தப் பெண் விடுதிக்காரம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நீங்களும் மேடைக்கு வந்தே ஆகவேண்டும் என்று வேனில் ஏற்றிவிட்டாள்.

கடற்கரையில் பன்னிரண்டு கொடிகள் பறந்தன. ஒவ்வொரு அணியாக வந்து மணலைக் கொட்டினார்கள். பொன் நிறம், கறுப்பு, செம்மை எல்லாம் கண்ணாடிக்குள் அழகழகாக வரி பிடித்தன. பன்னிரண்டாவதாக இவர்கள். அணித் தலைவி மூடியைத் திருகினாள். ஆவி பறந்தது. முன் வரிசை முழுக்க நல்ல டீ வாசனை பரவியது.

அந்தப் பெண் ஜாடிக்குள் மூக்கை விட்டு இழுத்தாள். கண் கலங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் தழுதழுத்துப் பேசினாள்.

"எங்க ஊர்க் கரை வாசனை இதுதான்" என்று டிரைவர் பின்னோடு சொன்னான். "சின்ன வயசுலேருந்து மறக்காத வாசனை. இது போதும், நாளைக்கு எந்த அலை வந்தாலும் பயமில்லைன்னு சொல்றாங்க."

கூட்டம் கைதட்டியது. கொட்டினாள் அந்தப் பெண். மணல் ஒழுகவில்லை, கட்டி கட்டியாக விழுந்தது. கடைசியில் ஒரு டீத்தூள் துணுக்கு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. நடுவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

மேடையை விட்டு இறங்கியதும் நாத்தனார் முந்தானையைப் பிடித்தாள். "அண்ணி, அந்த மணல்ல சிப்பித் தூள் மினுக்குதே. என் தொட்டி மணல்லயும் இப்படித்தான் மினுக்கும்."

"கடலெல்லாம் ஒண்ணுதானே. மினுக்காம என்ன பண்ணும்?"

"கடல் ஒண்ணுதான் அண்ணி. தொட்டி என்னுது."

அதற்குள் விடுதிக்காரம்மாவின் கண் மேனேஜர் மேல் போயிற்று. அவர் கண்ணாடிப் பெட்டியையே பேயறைந்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரைவரின் சட்டையைப் பிடித்து வேன் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். கண்டுபிடித்துவிட்டார். இனி மறைத்துப் பயனில்லை. நாத்தனார் வாயால் வெளிவருவதைவிடத் தன் வாயால் வருவது மேல் என்று அவளும் வேனை நோக்கி நடந்தாள். ஃபயர் பின்னாலேயே வந்தார், ஸ்கேல் சட்டைப் பையிலேயே இருந்தது.

மேனேஜர் தள்ளிப்போய் நகம் கடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் வேன் கண்ணாடியைத் துடைப்பதுபோல நின்றான்.

"தம்பி, உங்க மேனேஜர் என்ன சொல்றாரு?"

"மணல் எப்படி நிறம் மாறுச்சுன்னு என்னைப் போட்டு உலுக்கறாருக்கா. எனக்கென்ன தெரியும்?"

"நான் சொல்றதை அப்படியே அவர்கிட்ட சொல்லிடுப்பா. மன்னிப்புக் கேட்டுடு. அவங்க மணலை நான் காப்பாத்தல. எங்க வீட்டுக்காரரு தெரியாம எடுத்து வாளியில கொட்டிட்டாரு. மேடையில கொட்டினது அவங்க பாட்டன் பூட்டன் மணல் இல்ல. எதிர்வீட்டுத் தொட்டி மணல். நான் டீ போட்டு வறுத்தது."

டிரைவரின் கை நின்றது. "எந்த வாளிக்கா?"

"படிக்கட்டுக்குக் கீழ, கைப்பிடி நெளிஞ்ச சிவப்பு வாளி" என்றார் ஃபயர். "திங்கக்கிழமை காலையில நிறைய இருந்துச்சு தம்பி. நோட்டுல இருக்கு. இன்னிக்குப் பாத்தா நாலு விரக்கடை குறையுது. அதான்."

"உடனே திரும்ப அள்ளியிருப்பேன்பா" என்றாள் விடுதிக்காரம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. "மனசு வரல. பூனை போற வாளி அது."

டிரைவர் கையிலிருந்த துணியால் மெதுவாகத் தன் உதட்டைத் துடைத்தான். தூரத்தில் ஐந்து பிள்ளைகளும் தோளில் கை போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பதை ஒருமுறை பார்த்தான். மறுபடியும், இந்த முறை அழுத்தி, துடைத்துக்கொண்டான்.

"மேனேஜர் அந்த மணலை ஊர்லயே மறந்துட்டு வந்துட்டாருக்கா, பசங்களுக்குத் தெரியாது. திங்கக்கிழமை சாயங்காலம், உங்க பரண் ஜாடியை இறக்கி, அந்த வாளியிலேருந்து நாலு விரக்கடை அள்ளிப் போட்டதே நான்தான்."