சந்தேகம் சாரும் பச்சைப் புள்ளிகளும்

யாரையும் எதையும் நம்பாமல் ஒரு மனிதர் ஐம்பது வயது வரை உயிர் வாழ முடியும் என்பதற்கு அருப்புக்கோட்டையில் ஒரு சாட்சி உண்டு. தாசில்தார் கையெழுத்தை இரண்டு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தன் கையெழுத்தை மூன்று முறை. சிறுநீரகக் கல் பற்றிய ஆய்வு ஒன்றில் புள்ளிவிவரம் பார்த்தவர். அதில் வேலை பார்த்த நாங்கள் அவரை அழைத்தது ‘சந்தேகம் சார்’.

பத்திரிகை வேலைக்கு வருமுன், அந்த ஆய்வுக்காகத் திருச்சுழிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பாரம் நிரப்பும் தற்காலிக வேலையில் இருந்தேன். கல் வந்த ஒருவருக்கு, அதே ஊரில், அதே வயதில் கல் வராத ஒருவரை ஜோடி சேர்க்க வேண்டும். ஜோடி என்றதும் ஜனங்கள் மிரண்டார்கள்.

“அவன் நோக்காட்டுக்கு என்னைய ஏன்யா ஜோடி சேக்குறீக? அடுத்து நானா?”

வயது விஷயத்தில் சந்தேகம் சார் உக்கிரமாவார். அண்ணன் தம்பி இருவரின் ஆதார் அட்டை நகல்களை அருகருகே வைத்துப் போனில் கேட்டார்: “மூணு மாச வித்தியாசத்துல ரெண்டு பேரும் பெறந்திருக்கீகளே, எப்படி?”

“பள்ளிக்கூடத்துல எழுதுன வாத்தியாரைக் கேளுங்க சார். எங்க ஆத்தாளுக்குத் தெரியாது.”

ஒருநாள் எல்லாரையும் மென்பொருளில் போட்டு, ஒரே மாதிரிப் பழக்கம் உள்ளவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கச் சொன்னார். திரையில் ஆளுக்கு ஒன்றாகச் சிவப்பு, நீலம், பச்சைப் புள்ளிகள். பச்சை மட்டும் ஓரமாக ஒதுங்கி, வெல்லத்தில் எறும்பு மொய்த்தது போல நெருங்கிக் கிடந்தது. கல் வந்தவரும் வராதவரும் அதில் கலந்திருந்தார்கள். அத்தனையும் நான் நிரப்பிய பாரங்கள்.

“ஏந்தம்பி, இந்த வெயில்ல ஒரு ஊரே அஞ்சு டம்ளர் தண்ணியில பொழைக்குதாக்கும்? வீட்டுல உக்காந்து எழுதுனீகளா?”

“இல்ல சார். அவுக சொன்னதைத்தான் எழுதுனேன்.”

ஆய்வை நடத்திய டாக்டருக்கு விசாரிக்க நேரமில்லை. “அந்தப் பாரத்தையெல்லாம் தூக்கிருங்க. ஆளையும் தூக்கிருங்க.”

நான் பொய் எழுதினேன் என்பதையும் சந்தேகம் சார் நம்பவில்லை. மறுநாள் என்னைத் திருச்சுழி பஸ்ஸில் ஏற்றினார். ஊருக்குள் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாதென்று என் போனை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முதலில் பிடித்தது விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டக்காரர் முனியாண்டியை. கல் வராத ஆள்.

“ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி குடிப்பீக?”

“அஞ்சு.”

சார் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். “அஞ்சு டம்ளர் பத்துமா?”

“டம்ளரா? மூட்டத்துக்கிட்ட நிக்கிறவன் டம்ளர்ல குடிச்சா வெந்துல்ல போவான்! சொம்புய்யா, சொம்பு!”

சார் அந்தச் சொம்பை வாங்கி, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலால் மூன்று முறை அளந்தார். பிறகு பாரத்தை விரித்தார். ‘ஒரு நாளைக்குத் தண்ணீர்’ என்று ஒரு கட்டம். டம்ளரா சொம்பா என்று குறிக்க இடமில்லை. டவுனில் டம்ளர் கணக்குச் சொன்னார்கள், இங்கே சொம்புக் கணக்கு. மென்பொருள் எண்ணை மட்டும் பார்த்துப் பிரித்துவிட்டது.

பாரத்தைத் தயாரித்தவர் அவரே. நின்ற இடத்திலிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார்.

“தம்பி மேல தப்பில்ல சார். பாரம் நான் போட்டது. தூக்குறதுன்னா என்னையத் தூக்குங்க.”

டாக்டர் யாரையும் தூக்கவில்லை. ஆனால் சாருக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது: எல்லா வீட்டுச் சொம்பும் ஒரே அளவா? இரண்டு வாரம் என்னைச் சொம்பு அளக்க வைத்தார்.

அதற்குப் பிறகு என்னைப் பலர் நம்பியிருக்கிறார்கள், பலர் நம்பவில்லை. சந்தேகப்பட்டு, பஸ் ஏறி, நேரில் வந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.