கௌடென்ஸ் அத்தானின் தலைமாட்டில் பூத்த குச்சி

ஜூன் 12, வெள்ளிக்கிழமை காலை

என் பாசத்துக்கும் அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய வால்புர்கா அக்காவுக்கு, தம்பி காஸியன் மண்டியிட்டு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் இரண்டு பசுக்களும் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. ஆகவே மண்டியிட்டு என்றதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொள். நகரத்துக் காற்று உன் மூச்சிரைப்புக்கு ஒத்துக்கொள்கிறதா? நிற்க.

நீ நிற்காதே, உட்கார்ந்துகொண்டு படி. அத்தானின் குச்சி பூத்துவிட்டது.

இரண்டு வருடம் முன்பு அடக்கத்தன்று, நம் மாட்டுக்கொட்டகை ஓரத்து ஹொல்லர் செடியில் ஒரு கிளையை வெட்டி, சிலுவையாகக் கட்டி, ஊர் வழக்கப்படி அத்தானின் தலைமாட்டில் நான்தான் நட்டேன். அது வேர்பிடித்துப் பூத்தால் ஆத்துமா கரையேறிவிட்டது என்று அர்த்தம். அத்தானுடைய ஆத்துமா எந்தக் கரையில் ஏறும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இரண்டு கூடை ஹொல்லர் பழம் பறித்துவைத்து நீ ஜாம் காய்ச்ச உட்கார்ந்த நாளில், அம்மாவின் செம்புச் சட்டியைக் கொண்டுபோய் ஒரு அக்கார்டியனுக்கு மாற்றிவந்த மனிதர். அதை வாசிக்கவாவது தெரிந்ததா என்றால் அதுவும் இல்லை. அன்று சாயங்காலமே நீ பஸ் ஏறிப் போனாய், ஒன்பது வருடம் கழித்து அடக்கத்துக்குத்தான் வந்தாய். அப்போது பங்குச் சாமியாரைச் சாட்சியாக வைத்து நீ சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது: "இந்தக் குச்சி பூக்கட்டும், அன்னைக்கு இந்த ஆள மன்னிச்சுட்டு நம்ம வீட்டுக்கே வந்துடறேன். அதுவரைக்கும் இந்த ஊர் மண்ண மிதிக்கமாட்டேன்." உன்னை இனி நான் சாகும்போதுதான் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கேள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. கல்லறைத் தோட்டத்துப் பம்பைப் பூட்டிவிட்டார்கள். ஊரிலுள்ள ஹொல்லர் எல்லாம் மொட்டிலேயே கருகிவிட்டன, நம் கொட்டகைச் செடி உட்பட. அத்தானின் குச்சி மட்டும் இடுப்புயரம் வளர்ந்து, பதினொரு கொத்துப் பூவோடு, பால் பொங்கினாற்போல நிற்கிறது. பக்கத்திலேயே பாடகர்குழுத் தலைவருடைய கல்லறை. வாழ்நாளில் ஒரு கெட்ட வார்த்தை பேசாத மனிதர், அவருடைய சிலுவை விறகாகக் கிடக்கிறது. அவருடைய விதவை அப்போலோனியா சாமியாரைப் பிடித்துக்கொண்டாள். ஈரம் இருக்கிற இடத்தில் துளிர்க்கும் அம்மா என்று அவர் சமாதானம் சொல்ல, "ரெண்டடி தள்ளிக் கெடக்கற எம் புருஷன் மட்டும் என்ன சாமி, பாலைவனத்துலயா படுத்திருக்காரு?" என்று கேட்டாள். சாமியார் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அதோடு விட்டதா? வீட்டைக் காக்கும் செடி என்று ஹொல்லரைக் கண்டால் தொப்பியைக் கழற்றாத ஆண்பிள்ளை நம் பள்ளத்தாக்கில் உண்டா? உயிரோடு இருந்தபோது அத்தானைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாம் இன்று அந்தப் பக்கம் போகும்போது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஸெவரின் மட்டும் மாட்டேன் என்று நின்றான். கறவை மாடு என்று நம்பி, பால் வற்றிய மாட்டை அத்தானிடம் வாங்கி ஏமாந்தவன் அவன். தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கடந்து போனான், மறுநாளே காய்ச்சலில் விழுந்தான். அவன் மனைவி ஹொல்லர் பூத் தேநீர் போட்டுக் கொடுக்கலாம் என்று ஊரெல்லாம் தேடி, பூ கிடைக்காமல், கடைசியில் அத்தானிடமே மூன்று கொத்துப் பறித்தாள். குடித்தான், நான்கு சட்டை நனைய வியர்த்தான், எழுந்து உட்கார்ந்து பன்றிக்கொழுப்புத் துண்டு கேட்டான். பூ வந்த இடம் தெரிந்ததும் நேரே கல்லறைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றினான். "மாட்டு விஷயத்த நான் மறக்கல கௌடென்ஸ், இது காய்ச்சலுக்காக மட்டுந்தான்" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

நானும் ஒரு கொத்தைக் கொண்டுவந்து, மாவில் தோய்த்து வெண்ணெயில் பொரித்து, சர்க்கரை தூவி வைத்தேன். அத்தானைத் தின்கிறோமோ என்று ஒரு உறுத்தல் முதல் வாய் வரைக்கும் இருந்தது. பிறகு இல்லை. அக்கா, முப்பது வருடம் தபால் சுமந்தவன் நான், எளிதில் எதையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்தப் பூவின் முன்னால் நிற்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. தண்ணீர் கொடுக்க ஆளில்லாத வறண்ட மண்ணிலிருந்து ஒரு ஏமாற்றுக்காரனுக்காக இப்படி ஒரு வாசனை எழும்புகிறது என்றால், கடவுள் நம்மைவிடத் தாராளமான ஆள்தான். அவரே மன்னித்தபின் உனக்கென்ன? வாக்குக் கொடுத்தபடி வீட்டுக்கு வந்துவிடு. உன் அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குச் சலித்துவிட்டது.

அன்னை மரியாள் உன் மூச்சைக் காக்கட்டும். ஸெவரின் வீட்டார் விசாரித்ததாகச் சொன்னார்கள். பசுக்களும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
காஸியன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அப்போலோனியா கதவைத் தட்டினாள். அத்தானின் குச்சிக்கு நான்தான் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சந்தேகப்பட்டு, கையும் களவுமாகப் பிடிக்க இன்று காலை கல்லறைத் தோட்டத்தில் ஒளிந்திருந்தாளாம். ஊரே சந்தைக்குப் போயிருக்கும் வெள்ளிக்கிழமை, பத்து மணி பஸ்ஸில் ஒருத்தி வந்து இறங்கினாளாம். "உங்க அக்காதான்யா. ஆத்துலேர்ந்து ரெண்டு வாளி தூக்கிட்டு வந்து ஊத்துனா. மூச்சு வாங்க வாங்க அந்த மனுஷனத் திட்டுனா. திட்டி முடிச்சுட்டு கழுத்துத் துணியால ஒவ்வொரு எலையா தொடச்சுவிட்டா." ஆகவே மேலே அதிசயம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. அடுத்த வெள்ளி பத்து மணிக்கு நான் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். நீ திட்டுவதைப் பார்த்துக்கொள், வாளியை நான் தூக்கிவருகிறேன்.