தீவன மில்லில் வீடு காணல்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சலூனில்கூடப் பாதி முடி வெட்டியதும் எழுந்து, தெருவில் யார் போகிறார்கள் என்று பார்ப்பேன். இப்படியே துபாய், திருவனந்தபுரம், நாகர்கோவில் என்று கிடைத்த வேலையை எல்லாம் விட்டுவிட்டு, கடைசியில் திருவட்டாறு பக்கம் அக்காவின் கணவர் நடத்தும் மாட்டுத் தீவன மில்லில் வந்து விழுந்தேன். அத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டது அக்காவுக்குப் பயந்து. (அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.)

அந்த நேரம் பார்த்துத்தான் சுஜாவின் சம்பந்தம் வந்தது. அவளைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போயிற்று. இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவதை வீடு காணல் என்போம். சுஜாவின் அப்பாவோ என் வேலை வரலாற்றை விசாரித்திருந்தார். வீடு கிடக்கட்டும், பையன் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றுவிட்டார்.

மில்லில் நான் படித்த பாடம் கொஞ்சம்தான். மக்காச்சோளமும் புண்ணாக்கும் அரைபடும்; தவிடும் தாது உப்பும் சேர்த்துக் கலக்குவார்கள்; நீராவியில் வெந்த கலவை, உடம்பெல்லாம் ஓட்டையான ஒரு தடித்த இரும்பு வளையத்துக்குள் போகும். அதற்கு டை என்று பெயர். உள்ளே உருளைகள் நசுக்க, ஓட்டை வழியே தீவனம் குச்சி குச்சியாக வெளியே வரும். இடியாப்ப அச்சுதான், கொஞ்சம் பெரிசு.

மெசினை நிறுத்தும்முன் எண்ணெய் கலந்த தவிட்டை ஓட விட வேண்டும் என்பதை மட்டும் அத்தான் மந்திரம்போல ஓதுவார். இல்லாவிட்டால் ஓட்டைக்குள் நிற்கும் தீவனம் அந்தச் சூட்டில் கல்லாகிவிடும்.

அன்று காலை ஓட்டம் முடிகிற நேரத்தில், பெண் வீட்டார் கிளம்பிவிட்டார்கள் என்று அக்காவின் போன். எனக்கு வெப்ராளம் பிடித்துக்கொண்டது, ஒரே பதற்றம். சட்டையெல்லாம் தவிடு, தலையெல்லாம் தவிடு. எண்ணெய்த் தவிடு ஓடி முடியும்வரை நிற்க என் கால் கேட்கவில்லை. சிவப்புப் பொத்தானை ஒரே அமுக்கு, குளியலறைக்கு ஒரே ஓட்டம்.

அவர்களோ சுஜாவையும் கூட்டிக்கொண்டு, வழியில் பத்மநாபபுரம் அரண்மனையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆடி அசைந்து, வெயில் தலைக்கு மேலே நிற்கும் உச்சைக்குத்தான் வந்தார்கள். நான் பவுடர் மணக்க மணக்க மெசினைப் பற்றி விளக்கினேன். (நான்தான் கண்டுபிடித்ததுபோல!) சுஜாவின் அப்பா, ஓட்டிக் காட்டச் சொன்னார்.

பொத்தானை அமுக்கினேன். மெசின் முக்கியது, முனகியது, பெல்ட் புகைந்தது, மோட்டார் தானாக நின்றது. ஒரு குச்சிகூட வரவில்லை. அத்தான் திறந்து பார்த்தார். அத்தனை ஓட்டையும் அடைப்பு.

“எண்ணெய்த் தவிடு போட்டியா?”

நான் சுஜாவைப் பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

அத்தான் டையைக் கழற்றி வெளியே உருட்டி, டிரில்லை என் கையில் திணித்தார். “ஒவ்வொரு ஓட்டையா குத்தி எடு. முடிச்சிட்டு எந்திரிச்சா போதும்.”

எவ்வளவு நேரம் ஆகும் என்று சுஜாவின் அப்பா கேட்டார். சாயங்காலம் ஆகிவிடும் என்றதும் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குத்தினேன். இடுப்பு கழன்றது, கால் பரபரத்தது. எழலாம் என்று நினைக்கும்போதெல்லாம் பின்னால் அத்தான் ஸ்பானரோடு நின்றார். மானமும் போயிற்று, பெண்ணும் போயிற்று என்று அழுகையே வந்துவிட்டது. நடுவில் சுஜா வந்து குனிந்து, ஓர் ஓட்டை வழியே வெளிச்சத்தைப் பார்த்து, “இதுல இன்னும் கொஞ்சம் இருக்கு” என்றாள். அதையும் குத்தினேன்.

சாயங்காலம் அவள் அப்பா எழுந்து அத்தானிடம் வந்தார். “பையனுக்கு ஒரு இடத்துல இருப்பு கொள்ளாதுன்னு ஒருபாடு பேரு சொன்னாவ. உச்சையில இருந்து நானும் பாக்கேன், இருந்த இடத்தை விட்டு அனங்கல்லியே. நாள் குறிச்சிருலாம்.”

அத்தான் ஸ்பானரை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

இன்று அந்த மில்லை முழுக்கப் பார்த்துக்கொள்வது நான்தான். ஆனாலும் சபையில் யாராவது, மருமகன் என்ன செய்கிறார் என்று விசாரித்தால், மாமனார் சிரிக்காமல் சொல்லும் பதில் இன்றுவரை ஒன்றுதான்:

“ஓட்டை குத்துதாரு.”