பல்செட் போன மௌன விரதம்

காலையில் எழுந்ததும் டம்ளருக்குள் கையை விட்டார் ஜோதிலிங்கம். தண்ணீர் இருந்தது. பல்செட் இல்லை.

கட்டிலுக்கு அடியில் தேடினார், ரஜாய்ப் போர்வையை உதறினார், பக்கத்துக் கட்டில் மாசிலாமணியின் செருப்புக்குள்கூடப் பார்த்தார். தில்லியில் ஏஷியாட் விளையாட்டு முடிந்த அந்தக் குளிர்காலத்தில், கரோல் பாக் முதியோர் இல்லத்தில் அவருக்கு இருந்த ஒரே சுகம் சாயங்கால டீ மேஜைதான். ரிட்டயரான பிறகும் தன் சர்க்கார் ஆபீஸைத் தினமும் அங்கே உட்கார்ந்து, வேறு யாரையும் வாய் திறக்கவிடாமல், பேச்சிலேயே நடத்தி முடிப்பார். பொக்கை வாயோடு போனால் சிரிப்பார்கள். அதிலும் பாப்பம்மாள் டீச்சர் சிரித்தால் அவரால் தாங்க முடியாது.

ஆயா செல்வி காபியோடு வந்தாள். "என்னங்கய்யா, பேச்சையே காணோம்?"

அவர் உதட்டில் விரலை வைத்து, கண்ணை மூடி, கையை மேலே காட்டினார்.

"மௌன விரதமா! நல்லதுங்கய்யா!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

தப்பித்தோம் என்று நினைத்தார். சமையற்காரர் தர்மன் விடவில்லை. "விரதக்காரருக்குச் சோறு ஆகாது" என்று வறுத்த கொண்டைக்கடலையும் கடலை மிட்டாயும் அனுப்பிவிட்டார். மிட்டாயைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அது ஊறுவதற்குள் ஜோதிலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

பசி பொறுக்காமல் டீ மேஜைக்கே போனார். அங்கே வேறு வம்பு. வாயைத் திறக்காத ஆள் கிடைத்தால் விடுவார்களா? மாசிலாமணி தன் மூட்டுவலியைச் சொல்லித் தீர்த்தார். இத்தனை காலம் பக்கத்துக் கட்டில், அவருக்கு மூட்டுவலி என்பதே ஜோதிலிங்கத்துக்குப் புதுச் செய்தி.

பிறகு பாப்பம்மாள் டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பம்பாய்லேர்ந்து என் பொண்ணு எப்பவாவது ட்ரங்க் கால் போடறா சார். நான் ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள 'அச்சா அம்மா, அச்சா'ன்னு வெச்சுடறா. எங்கிட்ட பேச அவளுக்கு ஒண்ணுமே இல்ல போலிருக்கு."

ஜோதிலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். டீச்சருக்கு மகள் உண்டா என்றுகூட அவர் ஒருநாளும் கேட்டதில்லை. விரதமாவது, மானமாவது!

"பொண்ணு பேரென்ன டீச்சர்?"

காற்றும் எச்சிலுமாக வந்தது கேள்வி. பொக்கை வாய் முழுசாகத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"வத்சலா" என்றார் டீச்சர். அதன் பிறகு டீ ஆறிப்போகும்வரை அவரே பேசினார், இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை செல்வி டம்ளரை நீட்டினாள். உள்ளே பல்செட்!

"எங்கேம்மா கெடச்சுது?"

"தொலைஞ்சாத்தானேங்கய்யா கெடைக்கிறதுக்கு? டீ மேஜைக்காரங்க எல்லாரும் சேர்ந்துதான் ஒளிச்சு வெக்கச் சொன்னாங்க. நேத்துதான் டீச்சரம்மா, 'பல்லைக் குடுத்துடு செல்வி, சாருக்குக் காது முளைச்சிடுச்சு'ன்னாங்க."