மாடி வீட்டில் ஒரு பீலி

மூன்று நாள் ஒரு நல்ல மனிதர் நான் செய்த தப்புக்குத் திட்டு வாங்கினார். நான் மாடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒருமுறை யாராவது இதைச் சொல்லிக் காட்டத்தான் போகிறார்கள், நானே சொல்லிவிடுவது மரியாதை.

அப்போது கல்யாணமாகி நாலு மாதம். பதுளை டவுனில் கணக்கு மாஸ்டர் வேலை. பாரூக் நானாவின் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே அவரும் மனைவி நஸீமா ராத்தாவும். என் செல்வி நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் பீலி. மலை ஊற்றுத் தண்ணீர் தடித்த குழாய் வழியாக ராப்பகலாகக் கொட்டும். அதன் கீழே குந்தி உட்கார்ந்து தலையில் வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கல்லில் துணி துவைத்து வளர்ந்தவளுக்கு எங்கள் ஷவர் பிடிக்கவில்லை.

"இது என்னங்க, மூக்குச் சிந்துற மாதிரி வருது. குளிச்ச மாதிரியே இல்ல. துணி தொவைக்க ஒரு கல்லுகூட இல்ல," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். புது மாப்பிள்ளை நான், விட்டால் நமுனுகுல மலையையே பெயர்த்துக்கொண்டு வந்திருப்பேன். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு சனி ஞாயிறில் (நானாவும் ராத்தாவும் வெலிமடைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், அதையும் பார்த்துத்தான் நாள் குறித்தேன்) ஆற்றோரத்துக் கல் ஒன்றை ஆட்டோவில் ஏற்றி வந்தேன். பாத்ரூம் டைல்ஸைக் கொத்தி, கல்லைப் பதித்து, சிமெந்து பூசினேன். ஷவரைக் கழற்றிவிட்டு, தொட்டியிலிருந்து ஒரு தடித்த குழாயை நேரே இறக்கினேன். ஃபோனில் ஒரே ஒரு வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. கொத்தும்போது டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. கல் நன்றாக உட்கார்ந்த சத்தம் என்று எடுத்துக்கொண்டேன். (தண்ணீர் போகிற குழாய் உடைந்த சத்தம்.)

செல்வி திரும்பி வந்து பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்குத் தரையில் கால் படவில்லை. ஒரு வாரம் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தாள்.

எட்டாம் நாள் கீழ்வீட்டு சீலிங் ஊறி, நானாவின் அலுமாரிக்குள் தண்ணீர் இறங்கியது. உள்ளே அவர்களுடைய கல்யாண அல்பம் இருந்தது.

குற்றவாளி யாரென்பதில் ராத்தாவுக்குச் சந்தேகமே இல்லை. மாடிக் குழாய்களையெல்லாம், கொத்து வேலை செய்யும் மேசன் பாஸைக் கூப்பிடாமல், தன் கையாலேயே பூட்டியவர் நானா. "பாஸைக் கூப்பிடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன். இப்ப பாருங்க, போட்டோவுல ஒங்கட மூஞ்சியே கரைஞ்சு போய்க் கெடக்கு," என்று ராத்தா ஏசுவது மாடிக்குக் கேட்டது.

நான் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் எதையும் மாற்றக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். வெளியே போகச் சொன்னால் செல்வியை எங்கே கூட்டிப்போவேன் என்று பயம். கீழே போனேன், சொன்னது வேறு. "கொழாயோட சரிவு கொஞ்சம் பிழைச்சிருக்கு நானா," என்று தாளில் முக்கோணம் போட்டே காட்டினேன்.

"ஆமா மாஸ்டர், நமக்கு அவ்வளவு படிப்பு இல்லையே," என்றார் நானா.

அந்த இடத்திலேயே என்னை யாராவது அறைந்திருக்கலாம்.

"நம்ம கல்லாலயா இருக்குமோ?" என்று செல்வி கேட்டாள். "மழைக்காலம்," என்றேன். கல்லைச் சுற்றி ஊற்றிய தண்ணீர் காணாமல் போவதை நான் பார்த்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். நானா முற்றத்தில் பாய் விரித்து, நனைந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகத் துவாயால் ஒற்றி வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். ராத்தா இருந்த படங்களை முதலில். சொல்லிவிடுவதென்று முடிவெடுத்து, சொல்ல வேண்டியதை நாலைந்து தரம் வாய்க்குள் ஒத்திகை பார்த்து, கதவைத் திறந்தால் அவரே ஸ்பேனரோடு படியேறி வந்து நிற்கிறார்.

"பாத்ரூமைப் பார்க்கணும் மாஸ்டர். நான் செஞ்ச பிழை, நானே திருத்துறேன்."

ஒத்திகை பார்த்த அத்தனையும் மறந்துபோனது. ஓடிப்போய் பாத்ரூம் கதவுக்குக் குறுக்கே நின்றேன். "இப்ப வேணாம் நானா. உள்ள செல்வி குளிக்கிறா."

"நான் இங்க இருக்கேங்க," என்றாள் செல்வி, அவருக்குப் பின்னால், கையில் மரக்கறிப் பையோடு.

நான் ஒதுங்கினேன். நானா கதவைத் திறந்தார்.

"இது என்ன மாஸ்டர்?"

"கல்லு நானா."

"கல்லுன்னு தெரியுது. எப்படி வந்துச்சு?"

சொன்னேன். எல்லாவற்றையும், அந்த முக்கோணம் உட்பட. என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வதென்று தலையைக் குனிந்து நின்றேன். அவரோ குனிந்து கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

"நஸீமா, நான் இல்ல. சத்தியமா நான் இல்ல. வந்து பாரு."

அறுபது வயது மனிதர் அப்படித் துள்ளி நான் பார்த்ததில்லை. ராத்தாவைக் கையோடு கூட்டி வந்து கல்லைக் காட்டினார். ராத்தா கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் நானாவைப் பார்த்தார். "தேத்தண்ணி ஊத்தித் தரவா?" என்று மட்டும் அவரிடம் கேட்டார். மூன்று நாளாக நானா தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடித்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. சீலிங்குக்கும் குழாய்க்கும் மாஸ்டர்தான் பொறுப்பு என்றார் ராத்தா. மேசன் பாஸை வைத்துச் செய்துகொடுத்தேன். நானாவுக்கு அது போதவில்லை.

"மூணு நாள் ஏச்சு வாங்கியிருக்கேன். இனிமே என் வீட்டுல எது பிழைச்சாலும் நீங்கதான் பொறுப்பு மாஸ்டர். சரியா?"

சரியென்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன், மனிதர் கறாராக நடத்தினார். பால் பொங்கி வழிந்தால், மூக்குக்கண்ணாடி தொலைந்தால், கறியில் உப்புக் கூடினால் கீழேயிருந்து குரல் வரும்: "மாஸ்டர், இதுக்கு யாரு பொறுப்பு?" நான் என்ன வேலையாக இருந்தாலும் ஜன்னலால் தலையை நீட்டி, "நான்தான் நானா," என்று சொல்ல வேண்டும். ராத்தா சிரித்துவிடுவார். அதன் பிறகு நானா ஏச்சு வாங்கியதாக எனக்கு ஞாபகமில்லை.

அடுத்த வருடம் எங்கள் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர்கள் இவர்கள் இருவரும்தான். ராத்தா பிள்ளையை வாங்கிக் கொஞ்சிவிட்டு என் கையில் தந்தார். இத்தனை சின்ன உயிரை நான் எப்படி வளர்க்கப்போகிறேன் என்று பயமாக இருந்தது. நானா குனிந்து பிள்ளையின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதே கறாரான குரலில் கேட்டார்.

"மாஸ்டர், இதுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான் நானா," என்றேன். வார்டே திரும்பிப் பார்க்க அழுதேன்.

ஒவ்வொரு பிறந்தநாளிலும் கேக் வெட்டும் முன் நானா அதைக் கேட்கிறார். மகளுக்கு இப்போது ஏழு வயது, எனக்கு முன்னால் அவள் பதில் சொல்லிவிடுகிறாள்: "அப்பாதான்."